இரண்டு ஞாயிறு கேட்ட கீபோர்டு

வயர் இல்லாத கீபோர்டை எங்கள் ஊரில் வியாழக்கிழமைச் சந்தையில்தான் பிடிக்க வேண்டும். கடையில் இருப்பவை வயர் உள்ளவை, கட்டிப்போட்ட இடத்தில் கிடக்கும். வயர் இல்லாதது தன் இஷ்டத்துக்கு நடக்கும் என்பதால் சுழி பார்த்து, பல் பார்த்து, தரகர் வைத்து வாங்குவதுதான் வழக்கம்.

எனக்கு ஒரே கீபோர்டு இரண்டு வேலைக்கும் ஆக வேண்டியிருந்தது. பனியன் கம்பெனியில் பகல் முழுக்க வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் அடிப்பது என் பிழைப்பு. அந்தச் சனிக்கிழமையோ எதிர்க் கட்டடக் கம்பெனியோடு எங்களுக்குக் கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை. வருஷா வருஷம் நடப்பதுதான். தோற்கிறவர்கள் தங்களிடம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளை ஜெயித்தவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். போன வருஷம் நாங்கள் தோற்றோம். அதிலிருந்து எங்களுக்குச் சனிக்கு அடுத்து திங்கள். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் வெண்பா தூங்கும்போது கிளம்பி, தூங்கும்போது திரும்பினேன். அவளுக்கு முன்பல் விழுந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். இந்த வருஷம் பந்தயம் வைக்க எங்களிடம் ஞாயிறு இல்லாததால் தீபாவளியை வைத்திருந்தோம்.

தரகர் செங்கோடன் முதலில் ஓர் ஆபீஸ் கீபோர்டைக் காட்டினார். பட்டன்கள் மெத்தென்று இருந்தன, சத்தமே இல்லை. ஆனால் நான் அழுத்திய எழுத்து வேப்பமரத்தில் மாட்டியிருந்த திரைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் ஒரு டீ குடித்துவிட்டார்.

அடுத்தது விளையாட்டுக்கென்றே வளர்த்தது. உடம்பெல்லாம் கலர் லைட். வேகத்துக்குக் குறைச்சல் இல்லை. 'தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்று அடித்துப் பார்த்தேன். வருந்த மாட்டேன் என்று முட்ட வந்தது.

மூன்றாவது ஓரமாகப் படுத்திருந்தது. சாம்பல் நிறம். பல்லைத் தடவினேன், அளவாக அமுங்கியது. வருந்துகிறோம் என்று அடித்தேன், அடக்கமாக வருந்தியது. சுடும் பட்டனைத் தட்டினேன், மரத்துத் திரையில் குண்டு பாய்ந்துவிட்டது.

"இதைய ஒருக்கா சார்ஜ் போட்டா பத்து நாளைக்குத் திரும்பிப் பாக்க வேண்டியதில்லீங்க அம்மிணி," என்றார் செங்கோடன்.

எங்கள் சந்தையில் பணம் கிடையாது. கீபோர்டுக்கு வாரத்துக்கு எத்தனை ஞாயிறு ஓய்வு கொடுப்போம் என்பதுதான் பேரம். அதைத் துண்டுக்கு அடியில் விரலால் பேச வேண்டும், வாயால் பேசினால் கீபோர்டு காதில் விழுந்துவிடும். ஒரு விரல் ஒரு ஞாயிறு. அதுவே கையில் இல்லாத ஞாயிறுதான். இருந்தாலும் துணிந்து அவர் உள்ளங்கையில் ஆள்காட்டி விரலை அழுத்தினேன். ஒரு சொல் முடிந்தால் கட்டைவிரல் தானாகப் போய் இடைவெளி தட்டும், பதினோரு வருஷப் பழக்கம். தட்டிவிட்டது.

"ரெண்டுங்களா! பெரிய மனசுங்க உங்களுக்கு," என்று துண்டை உருவிவிட்டார். துண்டை உருவிவிட்டால் பேச்சு முடிந்தது.

"அண்ணா, எங்கிட்ட ஒண்ணு கூட இல்லீங்க."

"அதைய அதுகிட்டயே சொல்லிப்போடுங்க. மறைச்சுக் கூட்டிட்டுப் போனீங்கன்னா பாதி வழில திரும்பிக்கும்."

பஸ் ஸ்டாப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். தோற்றால் அதற்கும் எனக்கும் ஓய்வே கிடையாது என்றேன். ஜெயித்தால் அவர்களிடம் இருக்கிற இரண்டு ஞாயிறும், எங்களுடையதும் அவர்களுடையதும், வரும் என்றேன். வெண்பாவின் பல்லைப் பற்றியும் சொன்னேன். கீபோர்டு எண்டர் பட்டனைத் தானே ஒரு தடவை அழுத்திக்கொண்டது. இருவரும் பஸ் ஏறினோம்.

வெள்ளிக்கிழமை முழுக்க மெயில் அடித்தோம். மேனேஜர் பக்கத்திலேயே போன் பேசினார், அவருக்குச் சத்தமே கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சண்டை தொடங்கியது. எதிர்க் கம்பெனியின் ஐந்து கீபோர்டுகளும் லைட் எரிய வந்திருந்தன. முதல் வெடிச் சத்தத்தில் ஒன்று மிரண்டு ஜன்னல் வழியாக ஓடிவிட்டது. மற்றவை கெட்டிக்காரத்தனமாகவே ஆடின. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக விழுந்து, கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன். எதிரில் மூன்று பேர். அப்போதுதான் பட்டன்கள் எனக்கு முன்பாகவே அமுங்குவதைப் பார்த்தேன். அதற்குத் தொந்தரவு இல்லாமல் விரலை மேலே வைத்துக்கொண்டேன். ஒருவன் படிக்கட்டில் விழுந்தான், ஒருவன் லாரிக்குப் பின்னால். தண்ணீர்த் தொட்டி மறைவில் இருந்தவனை நான் கவனிக்கக்கூட இல்லை, அது கவனித்தது.

ஜெயித்துவிட்டோம். நான் மேஜைமேல் ஏறி நின்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். வெட்கமே வரவில்லை. மேனேஜர் தீபாவளியை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினார்.

எங்கள் ஞாயிறை அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் பிறர் கையில் இருந்ததில் ஓரம் கொஞ்சம் கசங்கியிருந்தது. அடுத்த நாள் கீபோர்டு கட்டிலில் படுத்துக்கொள்ள, நான் பகல் வெளிச்சத்தில் வெண்பாவின் வாயைத் திறக்கச் சொல்லி, முளைத்திருந்த புதுப்பல்லைப் பார்த்தேன்.

எதிர்க் கம்பெனியின் ஞாயிறு புதன்கிழமை காலை வந்தது. புது வீடு என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே தயங்கி நின்றது. வெண்பா அதன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இன்னொரு தட்டு எடுத்து வைத்தேன்.