எட்டு நிமிஷத் தூரம்

அந்த ஊரில் மனிதனுக்குக் கால் கொடுத்திருப்பது செருப்பு மாட்டிக்கொள்ளவும் பிரேக்கை மிதிக்கவும் மட்டும்தான். பால் வாங்கக் கார், முடி வெட்டிக்கொள்ளக் கார், உடம்பு இளைக்க ஓடுகிற கூடத்துக்குப் போய்ச் சேரவும் கார். தங்கை வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டுப் போகலாம் என்று வந்த டைம் கீப்பருக்கு மூன்றாம் நாளே இது விளங்கிவிட்டது. கார் ஓட்டத் தெரியாதவன் அங்கே மூட்டை. யாராவது ஏற்றினால் ஏற வேண்டும், இறக்கினால் இறங்க வேண்டும்.

மூட்டையாக இருந்து அவருக்குப் பழக்கமில்லை. முப்பத்தோரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று குறித்துவைப்பதும், நேரமாகியும் டீயை ஊதிக்கொண்டு நிற்கும் டிரைவரை விசில் அடித்துத் துரத்துவதும் அவர் வேலை. 'கெடியாரம் வருதுடா' என்று டிரைவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வது அவர் காதிலும் விழும். வெளியே முறைப்பார், உள்ளுக்குள் குளிர்ந்து போவார். யாருக்கும் ஒரு நிமிஷம்கூடத் தொந்தரவு கொடுத்ததில்லை என்பதில் மனிதருக்கு அவ்வளவு கர்வம்.

தங்கை அவரைவிடப் பதினாலு வயது இளையவள். ரத்தப் பரிசோதனை செய்யும் லேப் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மதியம் பன்னிரண்டு மணி ஷிஃப்ட். நாலு வருஷம் அலைந்து கிடைத்த வேலை. கிடைத்த அன்று போனில் அழுதிருக்கிறாள்.

"இன்னும் ஒன்பதே நாள்தாண்ணா. ஆறு மாசம் முடிஞ்சா நிரந்தரம் பண்ணிடுவாங்க. அதுக்குள்ள மூணு தடவை லேட்டாப் போனா மட்டும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ரெண்டு ஆயிடுச்சு" என்றாள் ஒரு காலை, தோசைக்கரண்டியால் அடுப்பைத் தட்டிக்கொண்டே, என்னவோ அடுத்த வீட்டுக் கதை மாதிரி.

ரெண்டும் எப்படி ஆயிற்று என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்பானேன்? முதல் தடவை, அவரை அழைக்க ஏர்போர்ட்டுக்கு வந்து காத்திருந்த அன்று. விமானம் தாமதமாக வந்ததற்கு அவர் என்ன செய்வார் என்று நீங்களும் நானும் கேட்கலாம். அவருக்கோ தன் விசிலுக்கு ஒரு வண்டி கட்டுப்படாமல் போன மாதிரி அவமானம். இரண்டாவது தடவை, காற்று வாங்க வாசலுக்குப் போனவர் பின்னால் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. பனியனும் கைலியுமாக ஒரு மணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். மேல்வீட்டுக்காரி பார்த்துவிட்டு வேறு பக்கமாகப் போனாள். வேறு வழியில்லாமல் போனில் கூப்பிட்டதும், தங்கை பாதி வழியிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவர் வாசல் பக்கமே போகவில்லை. தண்ணீர் கேட்கவும் யோசித்தார். நேரம் யாரைப் பார்த்துச் சிரிக்கும் என்று சொல்ல முடியாதல்லவா, சோபாவில் வைத்த கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டார். காது மாட்டும் கம்பி மளுக்கென்று ஒடிந்தது. மூக்கிலே பிடித்துக்கொண்டே ரெண்டு நாள் ஓட்டினார். மூன்றாம் நாள் தங்கை பார்த்துவிட்டாள்.

"இதுக்கு எதுக்குண்ணா இவ்வளவு கூச்சம்? வாங்க, போற வழிதான்."

காலை பத்து மணிக்குக் கண்ணாடிக் கடை வாசலில் இறக்கிவிட்டாள். சக்கரத்துக்குக் காற்று குறைந்திருந்தது, அதைப் பார்த்துவிட்டு ரெண்டு சாமான் வாங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னாள்.

"பதினொண்ணே காலுக்கு வரேன். உங்களை வீட்ல விட்டுட்டு அப்படியே டூட்டிக்குப் போயிடுவேன். நான் வர்ற வரைக்கும் இங்கயே உக்காந்திருங்க. வீடு பக்கந்தான், பாத்தீங்கள்ல, எட்டே நிமிஷம்."

எட்டு நிமிஷம் என்பதை அவரும் பார்த்துத்தான் வைத்திருந்தார். கைக்கடிகாரம் பார்க்காமல் அவர் எந்த வண்டியிலும் ஏறியதில்லை.

கம்பி மாற்றுவது பத்து நிமிஷ வேலையாகப் போயிற்று. பத்து இருபதுக்குக் கண்ணாடி மூக்கில் உட்கார்ந்துவிட்டது. இன்னும் ஐம்பத்தைந்து நிமிஷம். கடைக்காரர் நாற்காலியைக் காட்டினார். டைம் கீப்பர் உட்காரவில்லை. அவர் மண்டைக்குள் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது. எட்டு நிமிஷம் என்றால் டவுன் பஸ்ஸுக்கு மூணு ஸ்டாப். மூணு ஸ்டாப் என்றால் ரெண்டரை கிலோமீட்டர். முப்பது, முப்பத்தைந்து நிமிஷ நடை. பதினொன்றுக்கு வீட்டு வாசலில் நிற்கலாம். சாவி சட்டைப்பையில் இருக்கிறது, இந்தத் தடவை மறக்கவில்லை. அவள் இங்கே வந்து, வீட்டுக்குப் போய், மறுபடி லேபுக்கு ஓட வேண்டாம். நேரே போய்விடலாம். மூன்றாவது தாமதத்துக்குத் தன்னால் இடமில்லாமல் செய்துவிடலாம்.

முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் கணக்கு ஒரு நாள்கூடத் தப்பியதில்லை. ஆனால் அது சந்துக்குச் சந்து நின்று, ஆள் ஏற்றி, மாட்டுக்கு ஒதுங்கிப் போகிற டவுன் பஸ்ஸின் எட்டு நிமிஷம். தங்கையின் கார் நூறில் பறந்து வந்த எட்டு நிமிஷம் அல்ல. பதின்மூன்று கிலோமீட்டரை ரெண்டரை என்று அடித்துச் சொல்ல உலகத்தில் ஒரு டைம் கீப்பரால்தான் முடியும்.

இதிலும் பெரிய கூத்து ஒன்று செய்தார். முன்கூட்டியே சொன்னால் தங்கை விடமாட்டாள் என்று, போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டு, 'நீ நேரா டூட்டிக்குப் போம்மா' என்று சொல்வதாகத் திட்டம். அவள் குரலில் வரப்போகிற நிம்மதியை நினைத்து, நடக்கும்போதே தனியாகச் சிரித்துக்கொண்டார்.

பெரிய சாலையில் நடக்க வழியில்லை. பக்கத்துச் சாலையைப் பிடித்தார். நடைபாதை நூறடி போய் ஒரு சுவரில் முட்டி நின்றது. ஏன் ஆரம்பித்தார்கள், ஏன் நிறுத்தினார்கள், கேட்க ஆளில்லை. புல்லில் இறங்கி நடந்தார். புல்லுக்குள் தண்ணீர் தெளிக்கும் குழாய் இருந்தது. ஒரு செருப்பு நனைந்து சப்சப்பென்று சத்தம் போட்டது. வீட்டுக்குத் திரும்பும் முனையில் நீலத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு, அதை அடையாளம் வைத்திருந்தார். புதுக் கம்பி போட்ட கண்ணாடியில் அது தெளிவாகத் தெரிந்தது. எலுமிச்சம்பழம் அளவு. முக்கால் மணி நேரம் நடந்த பிறகும் எலுமிச்சம்பழம் அளவிலேயே இருந்தது.

மணி பதினொன்று ஐந்து. அப்போதாவது போனை எடுத்திருக்கலாம். எடுத்தால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி. இன்னும் கொஞ்சம், அந்த வளைவு வரை, அந்தப் பாலம் வரை என்று காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல ஓட்டமும் நடையுமாகப் போனார். பாலத்தடியில் சாலை ரெண்டாகப் பிரிந்தது. தொட்டி காணாமல் போயிற்று. வலப்பக்கம் வரிசையாகப் பழைய கார் விற்கும் மைதானங்கள், எல்லாவற்றிலும் ஒரே மாதிரிக் கொடிகள். பதினொன்று ஐம்பதுக்குப் போனை உயிர்ப்பித்தார். பதினேழு அழைப்புகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினெட்டாவது வந்தது.

"அண்ணா! எங்கண்ணா இருக்கீங்க? உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"இல்லம்மா... இங்கதான்... கார் விக்கற இடம். கொடி கட்டியிருக்கு."

"எந்தக் கடைண்ணா? இந்த ரோடு முழுக்க அதுதான்." அவள் குரல் உடைந்தது. "ஆஸ்பத்திரிக்கெல்லாம் போன் பண்ணிட்டேன்ணா."

அவள் கண்டுபிடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. கண்டுபிடித்தபோது எதிர்ப் பக்கத்தில் இருந்தாள். எட்டு வரிசை வண்டிகளுக்கு அப்பால், ஜன்னல் வழியாகக் கையை நீட்டி 'அங்கேயே நில்லுங்க' என்று காட்டிவிட்டுப் போனாள். போய்த் திரும்பி வர அந்த ஊரில் பதினொரு நிமிஷம். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொள்ளவில்லை, பாவம்.

"பெல்ட்டைப் போடுங்கண்ணா" என்றாள். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது முனகியிருக்கலாம். வீட்டுக்குப் போக நேரமில்லை, நேரே லேபுக்கு ஓட்டினாள். பன்னிரண்டு ஐம்பதுக்கு உள்ளே ஓடினாள். அவர் காரிலேயே உட்கார்ந்திருந்தார். வெயிலில் நிற்கும் அத்தனை கார்களில் ஒன்றில் மட்டும் ஆள் இருந்தது.

கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள். கையில் லேபில் போட்டுக்கொள்ளும் ரப்பர் செருப்பு, தண்ணீர் பாட்டில், ஒரு ஸ்வெட்டர். பின் சீட்டில் அவற்றை வைத்துவிட்டு ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தாள்.

"போகச் சொல்லிட்டாங்களாம்மா?"

"வேற பாத்துக்கலாம்ணா."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல் இருந்தது அவருக்கு. வண்டி நகர்ந்த பிறகு, சாலையைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்: "உங்க மாப்ள கேட்டா வண்டி நடுவழியில நின்னுடுச்சுன்னு சொல்லிக்கிறேன். நீங்க எதுவும் சொல்ல வேணாம். உங்களைப் பத்தி அவர்கிட்ட அவ்வளவு பெருமையாச் சொல்லி வச்சிருக்கேன். அது அப்படியே இருக்கட்டும்."

"சரிம்மா" என்றார் டைம் கீப்பர். அந்தச் 'சரி' எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று அவருக்கே திக்கென்றது.

மாப்பிள்ளை ஏசி மெக்கானிக். அடுத்தவர் வீட்டு மெஷினையெல்லாம் கழற்றி மாட்டுகிறவர். சொந்தக் காரை வெளி ஆள் தொட விடமாட்டார். எண்ணெய் மாற்றுவது, பெல்ட் மாற்றுவது எல்லாம் அவரே. சாயங்காலம் வந்ததும் தங்கை வண்டி நின்ற கதையைச் சொன்னாள். வேலை போனதைக் கேட்டு அவர் முகத்தில் ஈயாடவில்லை. மனைவியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே கீழே கார் நிற்கும் இடத்துக்குப் போனார். தங்கை அண்ணனைப் பார்த்துக் கண்ணாலேயே 'வேண்டாம்' என்றாள். வீட்டுக்குள் உட்காரவும் முடியாமல் டைம் கீப்பரும் இறங்கிப் போனார்.

மாப்பிள்ளை பானெட்டைத் தூக்கி நிறுத்தி, பேட்டரியைத் தட்டினார், ஒயரை இழுத்தார், பிளக்கைக் கழற்றித் துடைத்தார். ஒன்றும் இல்லை. இல்லாத பழுது எப்படிக் கிடைக்கும்? மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"மச்சான், அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனர எடுங்க."

எடுத்துக் கொடுத்தார்.

"பேட்டரி ரெண்டு வருஷம் ஆச்சு. போன மாசமே மாத்தணும்னு நெனச்சேன். சோம்பேறித்தனம்." மாப்பிள்ளை நிமிரவில்லை. "நாலு வருஷம் மச்சான். எத்தன எடத்துல எழுதிப் போட்டா. ஊர் முழுக்க ஏசி ரிப்பேர் பாக்கறேன், பொண்டாட்டி வேலைக்குப் போற வண்டியப் பாக்கல. என்னாலதான் போச்சு."

டைம் கீப்பர் ஸ்பேனர் பெட்டியைப் பிடித்தபடி நின்றார். மாடி ஜன்னலில் தங்கை நிற்பது தெரிந்தது.

"நீங்களே சொல்லுங்க மச்சான். நேரம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். உங்க தங்கச்சிய என்கிட்ட குடுத்ததுக்கு நான் வண்டிய இப்படியா வச்சிருக்கணும்?"

கேட்டுவிட்டு மாப்பிள்ளை உண்மையாகவே பதிலுக்காக அவர் முகத்தைப் பார்த்தார். கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்ததில் கன்னம் கறுத்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார் டைம் கீப்பர். இன்னும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் போதும், மாப்பிள்ளை பேட்டரியை மாற்றிவிடுவார், எல்லாம் அடங்கிவிடும், தான் பெரிய மனிதராகவே ஊருக்கு விமானம் ஏறலாம். அந்த ஒரு நிமிஷத்தை அவர் எடுத்துக்கொண்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"வண்டியில ஒண்ணுமில்ல மாப்ள" என்றார் பிறகு. "அது நிக்கவே இல்ல. கடையில உக்காருங்கன்னு சொல்லிட்டுப் போனா. நான் உக்காரல. போனையும் அணைச்சிட்டேன். என்னத் தேடித்தான் அவ லேட்டானா. இன்னிக்கு மட்டுமில்ல, மூணு தடவையும் நான்தான்."

மாப்பிள்ளை அவரைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி மாடி ஜன்னலைப் பார்த்தார். தங்கை அங்கே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு மாப்பிள்ளை பிளக்கைத் திரும்பப் பொருத்தினார், ஒயர்களை ஒழுங்கு செய்தார், அவர் கையிலிருந்த ஸ்பேனர் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

பானெட்டை அவர் அறைந்து சாத்துவார் என்று டைம் கீப்பர் காத்திருந்தார். சாத்தினால் தேவலை என்றிருந்தது. மாப்பிள்ளை அதை ரெண்டு கையாலும் பிடித்து, தூங்குகிறவர்கள் எழுந்துவிடாதபடி மூடுவது போல் மெதுவாக இறக்கி வைத்தார்.

"ரொம்ப தூரம் நடந்திருப்பீங்களே மச்சான். கால் வலிக்குதா?" என்றார்.