சின்ன ப்ரீஆம்ப்பே போதும்

...இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன, ஒன்று சோப்பு டப்பா அளவு, இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் பெரிசு, கறுப்பு நிறம், பின்னால் நாலு துளை, இதில் எதை எடுப்பது என்று ஒரு மனுஷன் இவ்வளவு நேரம் யோசிப்பானா, மகன் ஜோயலைக் கூட்டி வந்திருக்கலாம், ஆனால் மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் கம்பம் ஏறியவனுக்கு ஒரு டப்பா வாங்கத் துணையா என்ற திமிர், சாலமோனுக்கு அந்தத் திமிர் இன்னும் அடங்கவில்லை. செங்கல்பட்டில் பஸ் ஏறி மாமல்லபுரம் வந்து, பழைய ஆடியோ செட் விற்கும் செங்கல்வராயன் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் மனைவி பொன்னியின் இசைத்தட்டு. எண்பத்தாறில் மதுராந்தகம் சபையின் பாடகர் குழு மெட்ராஸ் போய்ப் பதிவு செய்தது, பன்னிரண்டு பேர், அட்டைப் படத்தில் இரண்டாம் வரிசை ஓரத்தில் கல்யாணத்துக்கு முந்தின பொன்னி... அவள் போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. போன மாதம் பழைய ஆம்ப்ளிஃபயரும் போனது. ஜோயல் வாங்கித் தந்த புது ஸ்பீக்கரில் ரிக்கார்டு பிளேயரைச் செருகினால் கொசு முனகுகிற மாதிரி கேட்கிறது, நடுவில் சத்தத்தை ஏற்றித் தர ஃபோனோ ப்ரீஆம்ப் என்று ஒரு டப்பா வேண்டுமாம்.

"இத்தினி வருஷமா எதுல போட்டுகினு இருந்தீங்க சார்?" என்று செங்கல்வராயன் கேட்டதும் சாலமோன் பெருமையாகத்தான் சொன்னார், பழைய ஆம்ப்ளிஃபயரில் ஃபோனோ துளை உறுமிக்கொண்டே இருந்தது, நானே ஒயரைப் பிடுங்கி டேப் துளையில் மாட்டினேன், உறுமல் போச்சு, சத்தம் குறைஞ்சது, வால்யூமை ஏத்திட்டேன். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்ய, டேப்பு ஓட்டையிலயா? தட்டுல கனமான சத்தத்த கொறச்சித்தான் சார் பதிஞ்சிகீறாங்க. ஃபோனோதான் அத்த திரும்ப ஏத்தும். கனத்த குரலெல்லாம் உங்களுக்கு கேட்டிருக்கவே கேட்டிருக்காது. எர்த் ஒயரு ஒண்ணு மாட்டியிருந்தா அந்த எரைச்சல் போயிருக்குமே." எர்த் ஒயர்... ஊரெல்லாம் போய் எர்த் போட்டீங்களா, எர்த் போட்டீங்களா என்று அதட்டிய ஆள், சொந்த வீட்டில் பிளேயரின் அந்த ஒயரை வெறும் வால் என்று சுருட்டி வைத்துவிட்டார். சரி, அதை விடு. கனத்த குரல் என்றானே, என்ன சொல்கிறான் இவன், கனத்த குரல் என்றால்...

சின்ன டப்பாவை மாட்டித் தட்டைச் சுழலவிட்டார் செங்கல்வராயன். முதல் அடி பெண்கள், அது தெரிந்ததுதான். இரண்டாவது அடியில் ஆண்களோடு சேர்ந்து கீழே ஒரு குரல் வந்தது, தடித்த குரல், பொன்னி காய்கறிக்காரனை மாடியிலிருந்து கூப்பிடும் அதே குரல். கல்யாணமான புதிதில் அவள் சொன்னாளே, "நல்லா கேளுங்க, ரெண்டாவது அடியில கீழ பாடறது நான்தான்." அவர் காதை ஸ்பீக்கரில் வைத்துப் பார்த்து, எங்கே, காணோமே என்றார். அதோடு விட்டாரா? வீட்டுக்கு யார் வந்தாலும் தட்டைப் போட்டு, "பன்னெண்டு பேரு போனாங்க, பதினோரு பேரு பாடனாங்க, எங்க வூட்டம்மா பிரியாணி துன்னுட்டு வந்துட்டா" என்பார், எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரித்தாள், முதலில் சிரித்தாள்தான், பிறகு தட்டை எடுத்தாலே சமையலறைக்குப் போய்விடுவாள், அப்புறம் தொண்டை சரியில்லை என்று குழுவிலிருந்து நின்றாள், கடைசி வருஷங்களில் கிறிஸ்துமஸ் ஆராதனையில்கூட வாயை மட்டும்தான் அசைத்தாள். கரண்ட்டு தெரிந்த மனுஷன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டாளா? தன் குரல் தட்டில் விழவே இல்லை என்று நினைத்துக்கொண்டே செத்தாளா? பாவி, ஒரு ஒயரை மாற்றிப் பார்த்திருக்கக் கூடாதா நான்...

"இப்ப இத்த கேளுங்க" என்று பெரிய டப்பாவை மாட்டினார் செங்கல்வராயன். அதில் இரைச்சலே இல்லை. இரண்டாவது அடிக்கு முன்னால் அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது, பக்கத்து ஸ்டூலில் இருக்கிறாள், திரும்பினால் தெரிவாள்... சாலமோன் திரும்பவில்லை. "ஆம்பளைங்களோட பாடுதே ஒரு அம்மா, இன்னா குரலு சார், யாரு அது?" எங்க வூட்டுக்காரம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், வந்தது வேறு. "தெரிஞ்சவங்கதான்." "பெருசே எடுத்துக்குங்க சார், ரெண்டாயிரம்தான் கூட. அந்த அம்மா குரலு இதுல எவ்ளோ சுத்தமா கீது பாத்தீங்கல்ல?" "வேணாம்பா, சின்னதே போதும்" என்றார் சாலமோன், சட்டென்று, ஏதோ சண்டைக்குப் போகிறவர்போல.

பஸ் ஸ்டாண்டில் உப்புக் காற்று பிசுபிசுத்தது. பென்ஷன்காரன் பார்த்துத்தானே செலவழிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டார், யாரிடம் சொல்கிறார், பெரியதற்கும் சேர்த்தே பணம் எடுத்து வந்தவர்தானே, அது சட்டைப்பையில் அப்படியே இருக்கிறதே. அப்புறம் ஏன்... அவள் அவ்வளவு பக்கத்தில் வந்து மூச்சு விட்டுப் பாடினால் அந்த வீட்டில் எப்படி இருப்பது என்றா, இல்லை, இப்போதும் அவள் குரலைக் கொஞ்சம் அமுக்கியே வைக்கத்தான் இந்தக் கை சின்னதைத் தேடிப் போனதா?