நூற்று ஏழில் ஒரு கோடு

ஃபுல்வியோவின் மூளையில் கட்டி என்று தெரிந்தது அக்டோபரில். அதே வாரத்தில்தான் மார்ச் மாதம் எங்களுக்கு ஆறு நாள் ஒளி ஒதுக்கியிருப்பதாகக் கடிதம் வந்தது. இத்தாலியின் திரியெஸ்தே நகரத்துக்கு மேலே, கார்சோ பாறை மேட்டில், எலக்ட்ரான்களைச் சுழற்றித் தீவிர ஒளி உண்டாக்கும் எங்கள் சின்க்ரோட்ரானில் அந்த ஒளிக்காகப் பல நாட்டுக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். வேண்டாமென்றால் மறுபடி ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

"ஒரு வருஷமெல்லாம் எங்கிட்ட இல்ல நிவெஸ். வாங்கிடு" என்றான் ஃபுல்வியோ, மனைவியிடம். என் முன்னால்தான் சொன்னான். என் பெயர் ஒந்தீனா. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய கருவியின் வெற்றிடப் பம்புகளைப் பதினாலு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

கதிர்வீச்சு பட்டால் உடம்பிலுள்ள புரதங்கள் உடைகின்றன. ஆனால் உடம்பெல்லாம் தண்ணீர். கதிர் நேரடியாக உடைத்தது எது, கதிர் பட்ட தண்ணீர் உடைத்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் ஐந்தே அமினோ அமிலங்கள் கோத்த புரதத் துணுக்கான ஒரு குட்டிப் பெப்டைடை எடுத்துக்கொள்வார்கள். மெல்லிய ஊசி வழியாகத் தெளித்து, தண்ணீர் ஆவியாகிப் போனபின் தனி மூலக்கூறுகளாக வெற்றிடத்தில் பிடித்து வைப்பார்கள். அவற்றின் மேல் ஒளியை அடித்து, சிதறும் துண்டுகளை எடை போடுவார்கள். திரையில் ஒவ்வொரு எடைக்கும் ஒரு கோடு எழும்.

அடி விழுந்ததும் அந்தச் சக்தி மூலக்கூறு முழுக்கப் பரவி, எங்கே பலவீனமோ அங்கே உடைகிறது என்பது நிவெஸின் கட்சி. ஃபுல்வியோ ஒத்துக்கொள்ளவே மாட்டான்.

"பரவ ஏது நேரம்? பட்ட எடத்துலயே மூலக்கூறோட பக்கத்துக் கை பிச்சுக்கிட்டுப் போயிடும். அந்தக் கையோட எடை நூத்தி ஏழு. அங்க கோடு வரும், பாரு."

"நூத்தி ஏழு வந்தா நான் சமைக்கறதையே விட்டுடறேன்."

"அப்படின்னா எனக்கு ரெட்டை லாபம்!"

அந்தக் குளிர்காலத்தில் அவன் தலையில் முப்பது முறை கதிர் பாய்ச்சினார்கள். முதல் சில நாள், படுக்கையில் கிடந்தபடியே கதிர் பாய்ச்சும் கருவியின் விவரங்களைக் கேட்டு ஆஸ்பத்திரிக்காரர்களை நச்சரித்தானாம். பிறகு வார்த்தைகள் போகத் தொடங்கின. முதலில் முள்கரண்டி, அப்புறம் ஜன்னல், அப்புறம் பெயர்கள். என்னை "பம்பு" என்று கூப்பிட்டான். எண்கள் மட்டும் போகவில்லை.

மார்ச்சில் போரா என்கிற குளிர்ந்த மலைக்காற்று கதவுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் தனியாக விட மனமில்லாமல் நிவெஸ் அவனையும் கூட்டி வந்தாள். திரைக்கு எதிரே நாற்காலி போட்டு, மடியில் கம்பளி போர்த்தி உட்கார வைத்தாள். மூன்று நாள் ஊசி அடைத்து அடைத்துப் படுத்தியது. நான்காம் நாள் காலை பதினொரு மணிக்கு எல்லாம் கூடிவந்தது. வழக்கம்போல நூற்று முப்பத்தாறில் பெரிய கோடு. அதற்கு இடப்பக்கம், திரையின் அடியில் நடுங்கும் இரைச்சல் கிறுக்கலுக்குள்ளிருந்து இன்னொன்று மெல்ல மெல்ல வளர்ந்தது.

ஃபுல்வியோ எழுந்து நின்றான். "நூத்தி ஏழு" என்றான், துளி தடுமாற்றம் இல்லாமல்.

நிவெஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அவள் பக்கம் திரும்பினான். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"சிஞ்ஞோரா, ஒரு உதவி பண்றீங்களா? என் மனைவியைக் கொஞ்சம் கூப்பிடுங்க. அவ இதைப் பாக்கணும்."

இருபத்து மூன்று வருடம் 'நீ, நீ' என்று சண்டை போட்டவன், யாரோ ஒரு பெண்ணிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று நிவெஸ் கையைக் காட்டினாள்.

"எங்க இருப்பாங்க அவங்க?"

"வெளியில சிகரெட் பிடிச்சிட்டு இருப்பா. விட்டுட்டேன்னு எங்கிட்டப் பொய் சொல்றா. எனக்குத் தெரியாதாம்."

அவள் வெளியே போனாள். தாழ்வாரத்துச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றது கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"வந்துட்டேன் ஃபுல்வியோ. நீ ஜெயிச்சிட்ட."

அவன் தலையை லேசாகச் சாய்த்தான். "ரொம்ப நன்றிங்க. ஆனா அவ வரட்டும்."

கதவையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். நிவெஸ் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் அவன் மனைவிக்காகக் காத்திருந்தார்கள்.

"உங்க மனைவி எப்படிப்பட்டவங்க?" என்று அவள் கேட்டாள்.

வெகுநேரம் தேடினான். "சத்தம்... ரொம்பச் சத்தம். நான் என்ன சொன்னாலும் இல்லம்பா. அவ இல்லைன்னு சொன்னாத்தான் எனக்கு யோசனையே வரும்." பிறகு அவள் கையைத் தொட்டு, "அவளைப் பாத்தா சொல்லுங்க. அவ தோத்துட்டான்னு சொல்லாதீங்க, பாவம். சும்மா, வந்துதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றான்.

"சொல்றேங்க" என்றாள் நிவெஸ்.

அதன் பிறகு அவன் எதற்காகவும் எழுந்து நிற்கவில்லை. ஏப்ரல் கடைசியில் இறந்துபோனான். அளவீடுகளைச் சரிபார்த்து முடிக்கக் கோடை முழுக்க ஆனது. ஒளியின் சக்தி குறைவாக இருக்கும்போது நிவெஸ் சொன்னது சரி, அதிகமாக இருக்கும்போது அவன் சொன்னது சரி. கட்டுரையில் அவன் பெயரை முதலில் போட்டு, பக்கத்தில், இறந்தவர் என்று காட்ட, ஒரு சின்னச் சிலுவைக் குறி இட்டாள்.

நவம்பரில் அடுத்த ஒளிக்கு விண்ணப்பம் எழுதி என்னிடம் படிக்கக் கொடுத்தாள். எல்லாம் நிரப்பியிருந்தது. 'எதிர்பார்க்கும் முடிவு' என்ற இடம் மட்டும் காலி.

"இதை எழுதலையே?"

"எழுத வரல ஒந்தீனா. நான் ஒண்ணு சொன்னா அவன் ஒண்ணு சொல்வான். எதிர்த்துப் பேச ஆளில்லாம எனக்கு எதையும் எதிர்பார்க்கத் தெரியல." தாளை என் பக்கமாகத் தள்ளினாள். "நீ ஏதாவது தப்பாச் சொல்லேன்."

நான் பம்பு பார்க்கிறவள். எனக்கு என்ன தெரியும்? வாய்க்கு வந்த ஏதோ ஒரு எண்ணைச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டாள்.