பஸ்ஸுக்குப் பூசிய சந்தனம்

பூவாத்தாளின் மடியில் கூறைச்சேலை இருந்தது. தங்கச்சி மகளுக்குச் சேலத்தில் பத்து மணிக்கு முகூர்த்தம். பூவாத்தாளின் புருசன் தறியிலிருந்து சேலையை அறுத்தெடுத்ததே அன்று காலையில்தான். இப்போது மணி எட்டரை. பஸ்ஸோ ராசிபுரம் தாண்டி நாலாவது மைலில், இரண்டாவது தடவையாகப் புசுபுசுவென்று ஆவி விட்டுக்கொண்டு நின்றது.

டிரைவர் சென்னிமலை, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். எலுமிச்சம்பழத்தைச் சுற்றிச் சக்கரத்தடியில் வைத்தார்.

"கண்ணு பட்டுப்போச்சுங்க. ஆயுத பூசையில இவ நின்ன அழகை ஊரே பாத்துச்சு. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் முதல் நடை."

பெண்சாதிக்கு ஒரு பொட்டு மை வாங்கித் தராதவர், பஸ்ஸின் முகத்தில் இரண்டு படி சந்தனம் அப்பியிருந்தார்.

"ஏனுங்ணா, அந்தத் தண்ணி எப்படி ஆறும்?" என்று கேட்டாள் பூவாத்தாள்.

சென்னிமலைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எஞ்சினைச் சுத்திக் கொதிச்ச தண்ணி முன்னாடி ரேடியேட்டருக்கு வரும். உள்ளே சன்னமாக் குழாய், இடுக்கு இடுக்காத் தகடு. தண்ணி குழாயில இறங்கறப்ப இடுக்குல காத்துப் பூந்து சூட்டைப் புடுங்கிட்டுப் போயிரும். ஆறின தண்ணி மறுக்கா எஞ்சினுக்குப் போகும். சாமானியப்பட்ட மூளையா!"

"சுடுசோத்தைத் தாம்பாளத்துல பரத்தி விசிறற மாதிரி."

"அதே!"

"நீங்க சோத்துக்கு மேல செவுரு மெழுகி வெச்சிருக்கறீங்களே. காத்து எதுல பூரும்?"

சென்னிமலை குனிந்து பார்த்தார். ரேடியேட்டர் இடுக்கெல்லாம் சந்தனம் காய்ந்து இறுகி, ஒரு ஊசி நுழைய இடமில்லை. அவர் முகம் சுருங்கியது.

"சாமிக்கு வெச்சதம்மணி. சுரண்டிப் போட்டா ரோட்டுல மிதிபடும். நான் மாட்டேன்."

"கூறைச்சேலை போகாம அங்கே தாலி ஏறாதுங்ணா!"

சுரைக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்த சின்னுசாமிக் கவுண்டர் எட்டிப் பார்த்தார். "மிதிபடாம ஆளுக்குக் கொஞ்சம் பூசிக்கிட்டாத் தீந்துது. கொண்டாங்க இங்கே."

பூவாத்தாள் கொண்டை ஊசியை உருவினாள். அவள் இடுக்கு இடுக்காகக் குத்தித் தள்ள, சென்னிமலை துண்டில் ஏந்தித் தண்ணீர் விட்டுக் குழைத்தார். பயணிகள் இருபத்திரண்டு பேர். நெற்றி நிறைந்தது, கை நிறைந்தது, மார்பும் நிறைந்தது. மிச்சமெல்லாம் கவுண்டரின் வழுக்கைத் தலைக்குப் போயிற்று.

"போதுமுங்க, கண்ணு தெரியலை!" என்று அவர் கத்தினார்.

அதன் பிறகு பஸ் ஒரு முனகல்கூட முனகவில்லை. பத்துக்கு ஐந்து நிமிசம் இருக்கையில் சென்னிமலை அதைக் கல்யாணப் பந்தல் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். பூவாத்தாள் சேலையோடு உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் பெண் கூறை கட்டி வந்து மணையில் உட்கார்ந்தாள். கெட்டிமேளம் கொட்டியது. பஸ்ஸில் வந்த இருபத்திரண்டு பேரும் அட்சதை போட்டார்கள். இரண்டு கையாலும் வாரி வாரிப் போட்டவர் சென்னிமலைதான்.

மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இவரு பொண்ணுக்கு என்ன முறை?"

"எங்கண்ணனுங்க," என்றாள் பூவாத்தாள், சந்தோசத்தில் நிறைந்து.

"அப்பத் தாய்மாமனா! வெறுங்கையோட நிக்கறாரே, சீர்த்தட்டு எங்கே?"

சென்னிமலை மெதுவாகப் பின்னால் நகர்ந்து, பஸ்ஸைப் பார்த்து வேகமாக நடந்தார்.