சாயம் போகாத இன்ஸ்கர்ட்

தி.நகரில் எனக்கு ஒரு இன்ஸ்கர்ட் கடை. உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் சந்தில், இரண்டு பேர் சேர்ந்து தும்மினால் மூன்றாவது ஆள் வெளியே போக வேண்டிய அளவுக்கு இடம். புடவையைப் பார்த்த மாத்திரத்தில் அதற்குப் பொருத்தமான நிறத்தை எடுத்துப் போடுவதில் இந்தக் கணேசமூர்த்தியை அடித்துக்கொள்ள ஆளில்லை. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் மனைவி தங்கம் சாகும்வரை சொல்ல மாட்டாள்.

எங்கள் மகள் ஜெயஸ்ரீ தோல் டாக்டர். மயிலாப்பூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறாள். தோலில் வருவது சாதாரணப் படையா, புற்றுநோயா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். வெளிநாட்டில் செய்தவை வெள்ளைத் தோலைப் பார்த்தே பழகியவையாம். நம் நிறத்தைக் கண்டால் திணறுகின்றனவாம். அதனால் நம் ஆட்களின் படங்கள் வேண்டும் என்று கண்ணில் பட்டவர்களின் கை, கால், முகத்தையெல்லாம் படம் எடுத்தாள். என் வழுக்கையைக்கூட விடவில்லை. தங்கம் குதிகால் வெடிப்பையும் கழுத்து மச்சத்தையும் காட்டினாள்.

"வேற எங்கயும் ஏதாவது இருக்காம்மா?"

"வேற எங்க இருக்கப் போவுது? போடி, சோறு ஆறுது."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மொட்டைமாடிக்குப் போனவன் கொடியில் காய்ந்த சந்தன நிற இன்ஸ்கர்ட்டைப் பார்த்துவிட்டேன். நாடாவுக்குக் கீழே இடது பக்கத்தில், பழுப்பும் சிவப்புமாக ஒரு கறை. எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. அந்த முறை வந்த சரக்கில், எனக்கு இன்ஸ்கர்ட் தைத்து அனுப்பும் ஈரோட்டுக்காரர் வழக்கமான வெள்ளை நாடாவுக்குப் பதில் அரக்கு நாடா கோத்து அனுப்பியிருந்தார். பார்க்க எடுப்பாக இருக்கும் என்றார். எடுப்பாகத்தான் இருந்தது, கறை.

"ஏட்டி தங்கம், இங்க பாரு. நாடாவுல சாயம் போகுது!"

தங்கம் துணிக் கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள்.

"ஆமாங்க. சாயம்தான் போகுது."

அவள் இவ்வளவு சீக்கிரம் என்னோடு ஒத்துப்போனது கல்யாணமான நாளிலிருந்து நடந்ததில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஈரோட்டுக்காரரைத் திட்டும் அவசரம். உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"வெள்ளைத்துரை, என்னய்யா சரக்கு அனுப்புதீரு? என் வீட்டுப் பொம்பளை துணியே நாசமாப் போச்சு."

"அண்ணாச்சி, எங்க நாடாவுல சாயம் போச்சுன்னா நான் மீசையை எடுத்துக்கறனுங்க. வெந்நீர்ல ஊறப் போட்டுப் பாருங்க."

அவருடைய மீசையை எடுக்கும் ஆசையில், ஒரு வாளி வெந்நீரில் சோடா உப்பைப் போட்டுப் புது நாடாவை முக்கினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரை ஊறியது. தண்ணீர் பளிங்கு மாதிரி கிடந்தது. வாளியை அப்படியே கூடத்துக்குத் தூக்கி வந்து, சாப்பிட வந்திருந்த ஜெயஸ்ரீயிடம் முறையிட்டேன். ஒரு கையில் வாளி, ஒரு கையில் கறை படிந்த இன்ஸ்கர்ட்.

"நீயே சொல்லு. சாயம் போகலேன்னா இந்தக் கறை எங்கிருந்து வந்துச்சு?"

ஜெயஸ்ரீ சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள். கறையை விரலால் தடவியதும் சிரிப்பு நின்றது. எழுந்து அம்மாவின் அலமாரியைத் திறந்து, பழைய இன்ஸ்கர்ட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். எல்லாம் வெள்ளை நாடா போட்டவை. துவைத்துத் துவைத்து மங்கியிருந்தாலும், எல்லாவற்றிலும் அதே இடது பக்கத்தில் அதே கறை.

"அப்பா, இது சாயம் இல்ல," என்றாள். "அம்மா எங்க?"

தங்கம் சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். ஜெயஸ்ரீ உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் வாளியோடு வெளியே நின்றேன்.

"பெத்த பொண்ணுகிட்ட இடுப்பைக் காட்டச் சொல்லுதியே, வெக்கமா இல்ல?"

"நான் டாக்டரும்மா."

"ஊருக்கு டாக்டரா இரு. எனக்கு நீ மகதான்."

பிறகு அப்பளம் கருகும் வாசனை வந்தது. வெளியே வந்த ஜெயஸ்ரீ என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாடா கட்டுற இடத்துல புண்ணுப்பா. ரொம்ப நாளா ஆறாமக் கிடக்கு. மஞ்சளும் பவுடரும் போட்டு மூடி வச்சிருக்காங்க."

"நாடா உரசினா புண்ணு வரத்தானே செய்யும்?"

"வரும். ஒரே இடத்துல வருஷக்கணக்கா இறுக்கிக் கட்டி, புண்ணு ஆறாமலே இருந்தா, சில பேருக்கு அது கேன்சராவும் மாறும்."

வாளித் தண்ணீரைக் கூடத்திலேயே கொட்டிக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் மயிலாப்பூருக்குப் போனோம். ஜெயஸ்ரீக்கு மேலே இருப்பவர் டாக்டர் ஈவ்லின். சாந்தோம்காரர்; அவருடைய வீட்டில் எல்லோரும் வாத்தியார்களாம், அதட்டலிலேயே தெரிந்தது. திரைக்கு அந்தப் பக்கம் தங்கத்தின் இடுப்பைப் படம் எடுத்தார்கள். இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் நான். என்ன சொல்கிறது என்று ஜெயஸ்ரீ வாசித்தாள்: படர்தாமரை.

"பாத்தீங்களா!" என்று திரைக்குப் பின்னாலிருந்து தங்கத்தின் குரல் துள்ளியது. "மெஷினே சொல்லிட்டுல்லா? ஒரு களிம்பு குடுங்க, நாங்க கிளம்புதோம்."

எனக்கும் அந்த மெஷினுக்குச் சூடம் காட்டலாம் போலிருந்தது. ஈவ்லின் டாக்டர் அசையவில்லை.

"அம்மா, இந்த மெஷின் இன்னைக்கு வரைக்கும் ஒரு இடுப்பைக்கூடப் பாத்ததில்ல. எல்லாரும் கையும் காலும் முகமும்தான் காட்டினாங்க. உங்களை மாதிரியே மத்தவங்களும் இதை மறைச்சிட்டாங்க. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி அடிச்சு விடுது. துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம். அது பொய் சொல்லாது."

தெரியாததைத் தெரிந்த மாதிரி அடித்து விடுவதில் எனக்கும் அந்த மெஷினுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஈரோட்டுக்கு நான் போட்ட போனை நினைத்துக்கொண்டேன்.

பரிசோதனை முடிவு வருவதற்குள் நான் சந்தில் இருக்கும் எல்லோரோடும் சண்டை போட்டுவிட்டேன். ஒருநாள் கடையைத் திறக்கவே மனசில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தங்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன செய்வீங்க? கத்துவீங்க."

"கத்தத்தான் செய்வேன். அதுக்காகச் சொல்லாம இருப்பியா?"

கீரைத் தண்டை ஒடித்தபடி, தலை நிமிராமல் சொன்னாள்: "இன்ஸ்கர்ட் கடைக்காரர் பொண்டாட்டிக்கே நாடாவால இப்படின்னு வெளிய தெரிஞ்சா, ஒங்க கடைப் படி எவ ஏறுவா? அந்தக் கடைக்கு நீங்க எப்படி அலைஞ்சீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"கடை கிடக்கு, மூதேவி!" என்று கத்தினேன். கத்தினேனா அழுதேனா, இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு இவளை விட்டால் யார் இருக்கிறார்கள்? திட்டுவதற்குக்கூட வேறு ஆள் கிடையாது. தங்கம் கீரைக் கையோடு என் முதுகைத் தடவினாள். சட்டையெல்லாம் மண்.

முடிவு வந்தது. கேன்சர்தான். ஆனால் தோலோடு நிற்கிறது, வேறெங்கும் பரவவில்லை என்று எல்லாம் பார்த்துச் சொன்னார்கள். புண்ணையும் சுற்றியிருந்த சதையையும் வெட்டி எடுத்துத் தைத்தார்கள். வெட்டியெடுத்ததையும் சோதித்துவிட்டு, ஓரங்களில் நோய் இல்லை, இனி தவறாமல் வந்து காட்டினால் போதும் என்றார் ஈவ்லின் டாக்டர். நான் அவரைக் கும்பிட்டேன். "என்னை ஏன் கும்பிடுறீங்க? வாளியில நாடா ஊறப் போட்டீங்களே, அதைக் கும்பிடுங்க," என்றார்.

இடுப்பில் நாடா கட்டக் கூடாது. நைட்டியோடு வீட்டுக்குள்ளேயே கிடந்து தங்கத்துக்கு எரிச்சல். நான் கடைத் தையற்காரரிடம் உட்கார்ந்து, நாடாவே இல்லாமல், இரண்டு தோளிலும் பட்டை வைத்துத் தொங்குகிற மாதிரி ஒரு இன்ஸ்கர்ட் தைத்து வாங்கி வந்தேன்.

தங்கம் அதை உயர்த்திப் பிடித்துப் பார்த்தாள். "என்னங்க இது, ஆறாங்கிளாஸ் யூனிஃபார்மா? ரெட்டைச் சடை போட்டு ரிப்பனும் கட்டி விடுங்களேன்."

சொன்னாளே தவிர, அதைப் போட்டு அதன் மேல் அரக்குப் புடவை கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றாள். நன்றாக இருக்கிறது என்று அப்போதும் சொல்லவில்லை.

அவளுடைய படத்தை ஆராய்ச்சியில் சேர்க்கலாமா என்று ஜெயஸ்ரீ தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மொகம் தெரியாதுல்லா?"

"தெரியாதும்மா."

"அப்ப போட்டுக்கோ. அந்த மெஷினும் நாலு இடுப்பைப் பாத்துக் கத்துக்கட்டும்."

இந்த ஆடியில், தள்ளுபடிக் கூட்டம் நெருக்கும் நேரத்தில், தங்கம் கடைக்கு வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். ராயப்பேட்டை மார்க்கெட்டில் காய்கறி விற்கும் ஒரு பெண் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள்.

"நைனா, நல்லா கெட்டி நாடா போட்டதா ஒண்ணு குடு. நாள் பூரா குந்தி எழுந்து வேலை. இறுக்கிக் கட்டினா அவுராம நிக்கணும்."

நாடாவைத் தளர்த்திக் கட்ட வேண்டும், இன்று இடது பக்கம் முடிச்சுப் போட்டால் நாளை வலது பக்கம் போட வேண்டும், அகலப் பட்டை வைத்தது இன்னும் நல்லது என்று நான் இப்போதெல்லாம் எல்லோரிடமும் ஒப்பிக்கிற பாடத்தை ஆரம்பித்தேன்.

"அட போ நைனா. பொம்பள கட்டுறது உனுக்கு இன்னா தெரியும்?"

தங்கம் எழுந்தாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, அளவு போட்டுப் பார்ப்பதற்காகக் கடை மூலையில் தொங்கவிட்டிருக்கும் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனாள். "என்னங்க, யாரும் வராமப் பாத்துக்கிடுங்க," என்றாள்.

நான் திரைக்கு முதுகு காட்டிக் காவல் நின்றேன். பின்னால் புடவை சரசரத்தது.

"ஐய, இன்னாக்கா இது, இம்மாம் பெரிய தையலு?"

"கேன்சரை வெட்டி எடுத்த தழும்பு. நாடா உரசி உரசி வந்தது." பெற்ற மகளுக்குக் காட்ட மாட்டேன் என்றவள், என் கடைக்கு நடுவில் நின்று, வாசலில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். கையில் துணியோடு நின்ற பெண்களெல்லாம் திரைப் பக்கம் திரும்பினார்கள்.

பிறகு அந்தக் காய்கறிக்காரப் பெண்ணின் குரல், சந்தையில் கூவும் குரலே அல்ல, மிகச் சின்னதாக வந்தது.

"எனக்கும் அங்கதான்க்கா. கருப்பா தடிச்சிகினு கீது. புண்ணு ஆறவே மாட்டேங்குது. யார்கிட்டயும் சொல்லல."

தங்கம் திரையை விலக்கித் தலையை மட்டும் நீட்டினாள். "என்னங்க, ஜெயஸ்ரீக்குப் போன் போடுங்க."

ஆடிக் கூட்டம் வாசலில் நெருக்கிக்கொண்டிருந்தது. நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனை எடுத்தேன்.