பட்டினி

புற்றுநோயாளிகளுக்கு உணவூட்டுவது பற்றித் தாதியருக்கு நடந்த மூன்று நாள் பயிற்சி முடிந்து, இந்திராதேவி வார்டுக்குத் திரும்பினாள். தொண்டைப் புற்றில் கிடந்த தோட்டத் தொழிலாளி நல்லமுத்துவை முதலில் நிறுத்துப் பார்த்தாள். இரண்டு வாரத்தில் ஆறு கிலோ குறைந்திருந்தார். பயிற்சிக்குப் போகும்வரை தினமும், ‘சாப்பிட மறுத்தார்’ என்று எழுதிவிட்டுத் தட்டை எடுத்துப் போனவள் அவள்தான்.

“ஏண்ணே சாப்பிடல?”

“பசிக்குது மிஸ்ஸி. சோறு எறங்கல. யாரும் கேக்கல.”

டாக்டரிடம் மன்றாடி மூக்கு வழியே குழாய் போடவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுத்தாள். உடம்பு தாங்கவில்லை. ஐந்தாம் நாள் இறந்துபோனார்.

மனைவி காளியம்மா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீங்கதான் மிஸ்ஸி அவர பசியாற வச்சீங்க.”

“பட்டினி போட்டதும் நான்தான்க்கா,” என்றாள் இந்திராதேவி.

காளியம்மா மெல்லக் கைகளை விடுவித்துக்கொண்டாள்.