அராபா மிதந்த சனிக்கிழமை

தரம் போதவில்லை என்று அராபாவின் சாட்சியைக் குழு தள்ளிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனைக்கு அரை மணி இருக்கையில், கோவிலின் பக்கத்து அறையில் நிற்க வைத்து அவளுக்கு இதைச் சொன்னவர் எஷுன். பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வெல்லாம் சம்பளத்துக்குத்தான், ஆய்வுக்கு இல்லை. ஆளாளுக்கு எழுந்து சாட்சி என்று கடவுளுக்கு நன்றி சொன்னால் நேரம் வீணாகிறது என்று போன வருடம் அவரே ஒரு குழுவை அமைத்து, அவரே அதன் தலைவராகி, ஒரு படிவமும் அச்சடித்துவிட்டார். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆறு மணிக்கு மேல் கடவுள் ஏதாவது செய்தால் அது அடுத்த வாரத்தில் சேரும்.

படிவத்தில் ஐந்து கட்டங்கள்: சுகம், வேலை, விசா, கல்யாணம், கட்டடம். அராபா எதிலும் குறி போடாமல் ஓரத்தில் ‘மிதந்தேன்’ என்று எழுதியிருந்தாள்.

படகு கவிழ்ந்ததா என்று எஷுன் கேட்டார். இல்லை என்றாள். யாராவது காப்பாற்றினார்களா என்றார். எதிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். சும்மாதான் மிதந்தாள்.

எஷுன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கொஞ்சமாவது மூழ்கியிருந்தீங்கன்னா ஏதாவது செஞ்சிருக்கலாம்மா. இதுல அற்புதம் எங்க இருக்கு?”

அற்புதம் எங்கே இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அராபாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்தக் கடற்கரையிலேயே பிறந்து, முப்பத்தைந்து வருடமாகப் புகையடுப்பில் மீன் வாட்டுகிறவள். கடல் அவளுக்கு மீன் வருகிற வழி, அவ்வளவுதான். கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. மற்ற நாளெல்லாம் அடுப்பு, சனிக்கிழமையானால் கறுப்பு உடுத்திக்கொண்டு சாவு வீடு; அந்த ஊரில் அடக்கமெல்லாம் சனிக்கிழமைதான். திருவிழா வருகிறது என்று ஊர்த்தலைவர் சாவுச் சடங்குகளுக்குத் தடை போட்டதால் நேற்று ஒரு சனிக்கிழமை சும்மா கிடைத்தது. என்ன செய்வதென்றே தெரியவில்லை. நாத்தனார் எக்குவாதான் கென்கி என்கிற சோளமாவு உருண்டை நாலும் பொரித்த மீனும் பொட்டலம் கட்டிக்கொண்டு, பழைய உப்புக் கிடங்குக்குப் பின்னால் போய்ப் பார்க்கலாம் வா என்று இழுத்துப் போனாள். அங்கே பாறைகளுக்கு நடுவே அலை வந்து அடங்கி, குளம் போல ஒரு நீர் நின்றது. இத்தனை வருடத்தில் இருவரும் அதைப் பார்த்ததே இல்லை. எக்குவா முதலில் இறங்கினாள். பிறகு அராபா. எக்குவா சொன்னபடி மல்லாந்து படுத்து, தரையிலிருந்து காலை எடுத்தாள்.

தண்ணீர் தாங்கியது. அந்தப் பெரிய உடம்பை, ஐம்பத்தெட்டு வருடத்தை, வீங்கிய முழங்காலை, ஒரு கேள்வி கேட்காமல் தாங்கியது. மேலே வானம், காதுக்குள் கடல். சிரிப்பு வந்தது. சிரித்தால் மூக்கில் தண்ணீர் ஏறியது. நாளைக்கே உம் வீட்டில், எல்லார் முன்னாலும் இதைச் சொல்லுகிறேன் ஆண்டவரே என்று அப்படியே கிடந்தபடி வாக்குக் கொடுத்தாள். கொடுத்த வாக்கு. அதற்குத்தான் இப்போது இந்த மனுஷர் குறுக்கே நிற்கிறார்.

வேதபாட வகுப்பு நடத்துகிற பெண், இந்த வயதில், உள்பாவாடையோடு கடலில் கிடந்ததைச் சபையில் சொல்வது மரியாதையில்லை என்று, என்ன உடுத்தியிருந்தாள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, எஷுன் கடைசியாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். அராபா வெளியே வந்தாள். அடுப்பில் ஈர விறகு வைத்தது போல உள்ளே புகைந்தது.

“விடுங்க அண்ணி, கடவுளுக்குத் தெரியாதா?” என்றாள் எக்குவா.

“அவருக்குத் தெரியும்டி. சொல்றேன்னது நான்ல.”

ஆராதனையில் தேர்வான சாட்சிகள் வந்தன. ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் தன் மகனுக்குக் கனடா விசா கிடைத்ததற்கு நன்றி சொன்னார். விண்ணப்பம் போட்டபோது ஒரு முறையும், நேர்காணலுக்குக் கூப்பிட்டபோது ஒரு முறையும் ஏற்கெனவே சொல்லியிருந்தார். விமான டிக்கெட்டுக்கு நாலாவது முறை வருவார் என்று அராபா பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு பிரசங்கம். அன்றைக்குப் போதகர் பக்கத்து ஊருக்குப் போயிருந்ததால் எஷுன்தான் மேடையேறினார். தலைப்பு, சின்னச் சின்ன காரியங்களுக்கும் நன்றி சொல்லும் இருதயம்.

அராபா தன் காதை நம்பவில்லை. அவரோ மேலே மேலே போனார். காலைப் பனித்துளிக்கு நன்றி சொல்கிறோமா என்று கேட்டார். சிட்டுக்குருவிக்கு நன்றி சொல்கிறோமா என்று கேட்டார். நன்றி கெட்ட சபை என்று துக்கத்தோடு தலையை ஆட்டினார்.

அந்தக் கரையோரச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. பிரசங்கத்தின் நடுவிலேயே, மனம் பொங்குகிற எந்தப் பெண்ணும் இருந்த இடத்திலிருந்து பாட்டெடுக்கலாம். வேதக்கதை ஒன்றைப் பிடித்து, வாய்க்கு வந்தபடி கட்டிப் பாடலாம். மற்றவர்கள் பல்லவி வாங்கினால், பாட்டு தானாக ஓயும்வரை பிரசங்கி வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பாட்டுப் புத்தகம் படிக்கத் தெரியாத மீன்காரிகள் எந்தக் காலத்திலோ பிடுங்கி வைத்த உரிமை. பிஷப்பே ஆனாலும் நிற்பார். எஷுன் குழு போட மறந்த ஒரே இடம் அதுதான்.

ஆனால் பல்லவி வாங்க ஆள் வேண்டும். யாரும் வாங்காவிட்டால் பாட்டு அங்கேயே செத்துவிடும், எடுத்தவள் முகத்தை எங்கே வைப்பாள்? அராபா ஒருநாளும் பாட்டெடுத்தவள் இல்லை. புகை தின்ற தொண்டை. எஷுன் சிட்டுக்குருவிக்கு இரண்டாவது முறை வந்தபோது அவள் எழுந்துவிட்டாள்.

“பேதுரு மீன் புடிக்கிறவன், கடலையே கரைச்சுக் குடிச்சவன்,
பேதுரு முங்கினான்.
அராபா மீன் வாட்டுறவ, கரையைத் தாண்டாதவ,
அராபா மிதந்தா.
ஆண்டவரே, அடியில உம்ம கை இருந்துச்சு.”

கோவில் முழுக்க ஒரு இருமல்கூட இல்லை. எஷுன் வாயைத் திறந்தார். அதற்குள் எக்குவா பிடித்துக்கொண்டாள்: அடியில உம்ம கை இருந்துச்சு. ஒற்றைக் குரல், அதுவும் சுருதி விலகி. பிறகு பின்வரிசையில் யாரோ. பிறகு மீன்காரிகள் வரிசை மொத்தமும். வெள்ளைக் கைக்குட்டைகள் எழுந்து ஆடின.

அவ்வளவுதான், அணை உடைந்தது. இரண்டு வருடமாகப் பேசாத தங்கச்சி வெள்ளிக்கிழமை வாசலில் வந்து உப்புக் கேட்டாள் என்று ஒருத்தி பாடினாள். உம்ம கை இருந்துச்சு. துணி எடுத்து முடித்த பிறகுதான் மழை வந்தது என்று இன்னொருத்தி. முன்வரிசையில் கஞ்சி போட்ட தொப்பியோடு உட்கார்ந்திருந்த திருமதி எஷுன், கணவரைப் பார்க்காமல் எழுந்தார். வியாழக்கிழமை கரண்ட் போனதாம், வீட்டுக்காரரின் பிரசங்க ஒத்திகைக்கு மைக் வேலை செய்யவில்லையாம், மாமரத்தடியில் தான் மட்டும் ஒரு மணி நேரம் ஒரு சத்தமும் கேட்காமல் உட்கார்ந்திருந்தாராம்.

“அடியில உம்ம கை இருந்துச்சு” என்று சபை அந்த அம்மாவுக்குத்தான் எல்லாரையும்விட உரக்கப் பாடியது.

பாட்டு ஓய இருபது நிமிடமானது. எஷுன் அதுவரை நின்றார். பிரசங்கம் எங்கே நின்றது என்று அவருக்கே மறந்துபோய், ஆசீர்வாதம் சொல்லி முடித்துவிட்டார்.

வெளியே வேப்பமர நிழலில் அவர் அராபாவைத் தேடி வந்தார். பாட்டு என்று முன்பே சொல்லியிருந்தால் குழுவுக்கே வேலையில்லையே, தப்பு அவளுடையதுதான் என்று கொஞ்ச நேரம் விளக்கினார். கேட்கக் கேட்க அராபாவுக்குக் காலையில் புகைந்தது மறுபடி புகைந்தது. அவரோ போகவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்த இடம்... எவ்வளவு ஆழம் இருக்கும்?”

இதற்குத்தானா இவ்வளவும்? மண்டை காய்கிற வெயிலில் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக மனுஷர் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். இவரிடமா அந்த இடத்தைச் சொல்வது?

“கழுத்தளவுதான் ஐயா” என்றாள் வேண்டாவெறுப்பாக. “உப்புக் கிடங்குக்குப் பின்னால. ஆனா நின்னுக்கிட்டே மிதக்க முடியாது. படுக்கணும்.”